விண்ணப்பம் எங்கே நின்றது?

இளைஞர்களை இரண்டு வருஷம் ஃபெலோவாக அரசு நிர்வாகத்தோடு சேர்த்து வேலை செய்ய வைக்கும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு அறிவிப்பு வருகிற நாட்களில் வேலூர், காட்பாடி பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். முதல்நிலைத் தேர்வு எப்படி இருக்கும், விரிவான எழுத்துத் தேர்வில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் தேர்வாகிப் போன பிறகு அந்த இரண்டு வருஷம் என்ன வேலை, அதை எப்படிச் செய்தால் மாவட்டத்துக்கு ஏதாவது உருப்படியாக மிஞ்சும் என்று கேட்பவர் குறைவு. இந்தக் குறை மனதை நெருடிக்கொண்டே இருக்கிறது. ஒரு அணி முடிந்து போன பின் கலெக்டர் அலுவலகத்து அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நன்றாக அச்சிட்ட அறிக்கைகளும், புள்ளிவிவரங்களைத் திரையில் காட்டும், யாரும் திறக்காத ஒரு டாஷ்போர்டின் முகவரியும்தான் இருக்கும். உழைப்பு இல்லாமல் அவை வந்திருக்காது. திறமையான இளைஞர்கள் ராத்திரி பகலாகச் செய்தவை அவை. அப்படியும் ஏன் தங்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

திட்டங்களின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தின் முதல் அணி 2022-இல் 30 பேரோடு வந்தது. இரண்டு ஆண்டுகள். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளர், சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் கீழ் வேலை, தமிழ் தெரிந்திருப்பது கட்டாயம். ஒன்றிய அரசின் மகாத்மா காந்தி தேசிய ஃபெலோஷிப், இந்திய மேலாண்மைக் கழகங்களோடு சேர்ந்து, திறன் மேம்பாட்டுத் திட்டமிடலுக்காக மாவட்டங்களுக்கு ஆள் அனுப்பியது. உதவித்தொகை முதல் ஆண்டு மாதம் 50,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 60,000. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடப்பது. பெயரும் துறையும் வேறானாலும் இவற்றில் சேருபவருக்கு ஒரு நிலை பொது. கலெக்டரின் கூட்டத்தில் நாற்காலி உண்டு. கோப்பில் கையெழுத்து கிடையாது. எந்த எழுத்தரும் அவருக்குக் கீழ் இல்லை. ஒரு ரூபாய் ஒதுக்கும் அதிகாரமும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர் எதைச் செய்ய முடியும் என்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எந்த வேலூர்?

சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் மாவட்டப் புள்ளிவிவரங்களைத் தேடித் தொகுப்பார்கள். வேலூரில் முதல் பிழை அங்கேயே விழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டம் என்று தேடினால் 39,36,331 பேர் என்று வரும். இன்றைய வேலூர் மாவட்டத்தின் எல்லைக்குள் அதே கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 16,14,242 பேர்தான். மற்றவர்கள் 2019 நவம்பர் 28 முதல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக்காரர்கள். இதையாவது பலர் கவனித்துவிடுவார்கள். கவனிக்காமல் விடுவது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வை. தலைப்பில் 2019-21 என்று இருப்பதால் புது வேலூரைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆய்வு 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களின் எல்லையை வைத்து நடந்தது. ஆகவே அதில் உள்ள வேலூர், ஆம்பூரும் அரக்கோணமும் சேர்ந்த பழைய வேலூர். அந்த விகிதத்தை எடுத்து இன்றைய மக்கள்தொகையோடு பெருக்கி, ரத்தசோகை உள்ள பெண்கள் இத்தனை பேர் என்று ஒரு எண்ணைச் சொன்னால், அது இந்த மாவட்டத்தின் எண்ணாக இருக்காது.

இதைச் சரிசெய்ய மூன்று நாள் பொறுமை போதும். மாவட்ட அளவிலான அட்டவணையை ஒதுக்கிவிட்டு 2011-இன் கிராம அளவிலான அட்டவணையை எடுக்க வேண்டும். தாலுகாவை நம்பிக் கூட்டக் கூடாது. 2011-க்குப் பிறகு தாலுகாக்களும் பிரிந்து மாறியிருக்கின்றன, கே.வி.குப்பம் அப்படி வந்ததுதான். கிராமக் குறியீட்டுக்குப் பக்கத்தில் இன்றைய ஊராட்சி ஒன்றியத்தின் பெயரை எழுதி, ஏழு ஒன்றியங்களுக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு. நகரப் பகுதியில் வேலூர் மாநகராட்சி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு நகராட்சிகள், பிறகு பேரூராட்சிகள். கூட்டிய தொகை 16,14,242-க்கு வந்து நின்றால் அட்டவணை சரி. வரவில்லை என்றால் எங்கோ ஒரு கிராமம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும். இந்த ஒரு அட்டவணையை முதல் மாதத்தில் செய்து புள்ளியியல் பிரிவில் கொடுத்தால், பிறகு வருகிற ஒவ்வொரு கணக்குக்கும் அது அடித்தளமாக நிற்கும். 2025 ஜனவரி முதல், வேலைவாய்ப்பைக் கணக்கெடுக்கும் ஒன்றிய அரசின் காலமுறை உழைப்பாளர் ஆய்வில் மாவட்டத்தையே அடிப்படை அலகாக எடுத்திருக்கிறார்கள். அந்த எண்களை வைத்துப் பார்க்கவும் இது தேவைப்படும்.

அட்டவணையில் எல்லையைச் சரியாகப் போட்ட பிறகு, பிழைப்பு அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் போகும் வரை வேலூரையும் உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே அதுதான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் மறுபடி மூன்றானது. இத்தனை முறை கோடு போட்டும், குடியாத்தத்துக்காரருக்குச் சித்தூர் இன்றும் பக்கத்து ஊர்தான். தோல் தொழிலை எடுத்துக்கொண்டால், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டம், பேர்ணாம்பட்டு மட்டும் வேலூர். ஒரே ஆற்றங்கரையில், ஒரே வகைத் தண்ணீரை எடுத்து, ஒரே வியாபாரத் தொடர்பில் வளர்ந்த தொழில் இது. வேலூர் மாவட்டத் தோல் தொழில் அறிக்கை என்று யாராவது எழுதினால் அதில் பேர்ணாம்பட்டைத் தவிர அதிகம் இருக்காது, பாலாறு பாதியில் அறுந்து நிற்கும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் கொடுத்த தீர்ப்பை ஃபெலோவாக வருகிற ஒவ்வொருவரும் ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு என்று மட்டும்தான் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அந்தத் தீர்ப்பில் ஒரு எண் இருக்கிறது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற எண். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் இந்த மண்ணில் நின்று எடுத்த கணக்கு அது. எந்த நிலம், எந்தத் தண்ணீர் என்று சொல்லக்கூடிய எண்ணாக இருந்ததால் டெல்லி வரை போய் நின்றது.

"விருப்பமில்லை" என்று எழுதிய கட்டம்

ஒரு ஃபெலோவின் இரண்டு வருஷம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்கிற இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் காட்டுவது கடன் விண்ணப்பங்களின் எக்செல் தாளில் கடைசிக்கு முந்தைய கட்டத்தை. சிறு தொழில் தொடங்க வங்கிக் கடனோடு அரசு மானியமும் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தொழில் மையத்தில் எல்லோருக்கும் கைவந்த திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. ஒரு பெண் ஆறு லட்சத்தில் லுங்கி மடித்துப் பொதி கட்டும் சிறு கூடமோ, தையல் கூடமோ போட நினைக்கிறார் என்று வைப்போம். பெண் என்பதால் சிறப்புப் பிரிவு, சொந்தப் பணம் ஐந்து சதவீதம், அதாவது 30,000. கூடம் ஊராட்சிப் பகுதியில் இருந்தால் மானியம் 35 சதவீதம், 2,10,000 ரூபாய். குடியாத்தம் நகராட்சிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,50,000. ஒரு தெரு தள்ளி இருப்பதற்கு 60,000 ரூபாய் வித்தியாசம். வாடகை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், எழுதிய பிறகு சொல்லிப் பயனில்லை.

மானியம் கையில் வருவதில்லை என்பதை விண்ணப்பிப்பவர்களில் பலர் அறியாமல் வருகிறார்கள். வங்கி 5,70,000 ரூபாய்க்குக் கடனை ஒப்புக்கொண்டு, முதல் தவணையை விடுவித்து, அதன் பிறகு மானியத்தைக் கேட்டு வாங்கும். வந்த மானியம் மூன்று வருஷம் வைப்புத் தொகையாக வங்கியிலேயே கிடக்கும். அந்த அளவுக்கான கடனுக்கு வட்டி போட மாட்டார்கள். மூன்று வருஷம் முடிந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு கடன் கணக்கில் கழியும். நடுவில் தொழிலை மூடினால் மானியம் திரும்பிப் போகும்.

இப்போது அந்தத் தாள். விண்ணப்பம் வந்த தேதி, வங்கிக்கு அனுப்பிய தேதி, ஒப்பளிப்பு, வழங்கல், நிராகரிப்பு என்று கட்டங்கள். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் கேட்பது இலக்கு எத்தனை, சாதனை எத்தனை. ஃபெலோவும் அதைத்தான் வண்ணப் படமாகப் போட்டுக் காட்டுவார். ஒன்றிய வாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. கூட்டம் பாராட்டும். அடுத்த மாதமும் அதே படம், சற்று மாறிய நிறங்களோடு. அப்படியே எட்டு மாதம் போய்விடும். அதே தாளில் நிராகரிப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. "விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை" என்று வரிசையாக எழுதியிருக்கும். வேறு சிலவும் உண்டு. வங்கிக் கிளையின் சேவைப் பகுதிக்கு வெளியே, கடன் வரலாறு சரியில்லை, இலக்கு முடிந்தது. ஆனால் விருப்பமில்லை என்ற அந்தச் சொல்லைக் கண்டு நின்றுவிட வேண்டும். ஆதார், சாதிச் சான்று, திட்ட அறிக்கை, விலைப்புள்ளி எல்லாம் அலைந்து திரட்டி, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஏற்றிய ஒருவருக்கு இரண்டே மாதத்தில் விருப்பம் எப்படிப் போகும்?

இதற்குச் செய்ய வேண்டியது பெரிய ஆய்வு ஒன்றுமில்லை. அந்தக் காரணத்தோடு திரும்பிய விண்ணப்பங்களில் நாற்பதை எடுக்கவும். ஒரே கிளையிலிருந்து எடுக்காமல் நாலு கிளைகளிலிருந்து பத்துப் பத்தாக எடுக்கவும். மாலை ஆறு மணிக்கு மேல் அழைத்தால்தான் வேலைக்குப் போகிறவர்கள் பேசுவார்கள். ஒரு மாலைக்குப் பத்துப் பேர் என்றால் நாலு மாலை. முதல் தடங்கல் அழைத்த உடனே தெரியும். பல எண்கள் விண்ணப்பதாரருடையவை அல்ல, பிரவுசிங் சென்டர்காரருடையவை. ஓடிபி வருவதற்காகத் தன் எண்ணையே போட்டு விட்டிருப்பார். வங்கியிலிருந்து போன குறுஞ்செய்தியும் அழைப்பும் அவருக்குத்தான் போயிருக்கும். விண்ணப்பித்த பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கிளையில் பதில் இல்லை என்று குறித்துக்கொண்டு, கட்டத்தில் விருப்பமில்லை என்று எழுதிவிடுவார்கள். அங்கே முகவரியை வைத்து நேரில் போக வேண்டும்.

பேசக் கிடைத்தவர்களிடம் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. அது குற்றம் சொல்வது போல் விழும், "வேணாம்னு விட்டுட்டேன் சார்" என்று முடித்துவிடுவார்கள். கடைசியாக வங்கிக்கு எப்போது போனீர்கள், அங்கே யார் என்ன கேட்டார்கள், என்ன கொண்டுவரச் சொன்னார்கள் என்று நாள் வரிசையில் கேட்டால் விஷயம் வரும். இடத்துக்குச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. இயந்திர வியாபாரி ஜிஎஸ்டி பில்லோடு விலைப்புள்ளி தராதது. மைக்ரோஃபைனான்ஸ் குழுவில் வேறொருவர் கட்டாத தவணை இவர் பெயரில் கடன் வரலாற்றில் ஏறியிருந்தது. பிறகு, வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னது. கடைசிக் காரணம் வந்தால் உடனே தனியாகக் குறிக்க வேண்டும். குறு, சிறு தொழில்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று 2010-இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தச் சிக்கலுக்கும் கடன் வரலாற்றுக்கும் தீர்வு தேட நாளாகும். சொத்து ஈடு கேட்டதற்கு ஒரு கடிதம் போதும்.

நாற்பது பேரையும் முடித்த பின் கையில் இருப்பது ஒரு பக்கத் தாள். எந்தக் காரணத்துக்கு எத்தனை பேர், எந்தப் படியில் நின்றார்கள். அது வண்ணப் படம் போல் அழகாக இருக்காது. ஆனால் அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுத முடியும். எத்தனை என்ற கேள்வியிலிருந்து எங்கே நின்றது என்ற கேள்விக்கு ஃபெலோ திரும்புகிற நாள் இதுதான். அவர் படித்த பொருளாதாரமும் மேலாண்மையும் அதற்குப் பிறகுதான் இந்த மாவட்டத்துக்குப் பயன்படத் தொடங்கும். இந்தத் திருப்பம் பலருக்கு நடக்காமலே போகிறது என்பதுதான் என் ஆற்றாமை. காரணம் அவர்கள் சோம்பல் அல்ல. மாதாமாதம் மேலே அனுப்பும் அறிக்கையில் எத்தனை என்ற கேள்விக்கு மட்டுமே இடம் இருக்கிறது. நாலு மாலை தொலைபேசியில் பேசியதை எழுத அதில் கட்டம் இல்லை.

பீடியும் ஷூவும்

இதே கேள்வியை வேலைவாய்ப்பிலும் கேட்க வேண்டும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "வீட்லதான் இருக்கேன்" என்பார். கை பீடி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையை நனைத்து, தகர அச்சு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடித்து. கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதாவிட்டால் வெளியில் வாங்கிச் சேர்க்க வேண்டும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. இலையும் கூலியும் குறித்து வைக்க ஒருவர் பெயரில் உள்ள பாஸ் புத்தகத்துக்கு வீட்டில் மூன்று பேர் சுற்றுவார்கள். கணக்கெடுக்கப் போகிறவர் வேலை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். நேற்று எத்தனை கட்டு போட்டீர்கள், இலை யார் தந்தது, கூலி என்றைக்கு வரும் என்று கேட்டால்தான் உழைப்பு கணக்கில் ஏறும்.

புகையிலைத் தொழில் குறைய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மாற்று வேலை என்று எல்லோரும் காட்டுவது காலணித் தொழிற்சாலைகளை. தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் காலணி, தோல் பொருட்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவான் குழுமம் ஒன்று 1,500 கோடி ரூபாயில், 25,000 பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு தோல் அல்லாத காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறது. வட ஆற்காட்டுக்கு நல்ல செய்தி. ஆனால் பீடி விட்டவர் ஷூ தைக்கப் போவார் என்று அறிக்கையில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுவது எளிது, அந்த அம்புக்குறியின் மேல் நடக்கப் போகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். ஆலை தேடுவது பெரும்பாலும் இருபதுகளில் உள்ள, ஷிப்ட் நேரத்துக்கு வரக்கூடிய பெண்ணை. பீடி சுற்றுபவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் நிறைய. சமையலுக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் நடுவே, கண் மங்கும் வரை செய்யக்கூடிய வேலை என்பதால்தான் அதில் இருக்கிறார்கள். குடியாத்தத்திலிருந்து பனப்பாக்கம் தினமும் போய் வருகிற தூரமும் அல்ல. வேலை போகிறவர் ஒருவர், வேலை பெறுகிறவர் வேறொருவர். ஒரே வீட்டில் மகளுக்கு ஆலை வேலை கிடைத்தால் அம்மாவின் வருமானம் போனது ஈடாகும் என்பது சில வீடுகளுக்குப் பொருந்தும். மகள் இல்லாத வீட்டுக்கும், மகளை அனுப்பாத வீட்டுக்கும் தனியாக ஒரு பதில் வேண்டும்.

ஒரு தெருவை எடுத்து வீடு வீடாக, வயது, சுற்றும் நேரம், வேறு வேலைக்குப் போகாததற்குக் காரணம் என்ற மூன்றை மட்டும் கேட்டு எழுதினால் ஐம்பது வீட்டில் படம் தெளிந்துவிடும். திறன் பயிற்சிக்கு ஆள் சேரவில்லை என்று வரும் புகாருக்கும் அதிலேயே விடை இருக்கும். பயிற்சி காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது, இலை வாங்கி வரும் நேரமும் அதுதான் என்பது போன்ற சாதாரண விடை.

கையெழுத்து யாருடையது?

கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் ஃபெலோக்கள் தடுமாறுவார்கள். சொத்து ஈடு கேட்ட கிளையின் பெயரைக் கலெக்டர் தலைமையில் வங்கிகளும் துறைகளும் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. அந்த மேலாளர் அதன் பிறகு ஒரு விண்ணப்பத்தையும் திறந்து பார்க்க மாட்டார். அவருக்கும் வாராக்கடன் பயம் இருக்கிறது, அவரைக் கேட்க மேலே மண்டல அலுவலகம் இருக்கிறது. முதலில் அவரிடமே தனியாகப் போய், உத்தரவு நகலையும் ஐந்து விண்ணப்ப எண்களையும் கொடுத்து, இவற்றை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பார்ப்பார்கள். பார்க்காத இடத்தில், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போக வேண்டும். ஆலோசனைக் குழு காலாண்டுக்கு ஒரு முறைதான் கூடும். கூட்டப் பொருள் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால், கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே அவர் கையில் குறிப்பு இருக்க வேண்டும். கூட்டம் அன்று காலையில் எடுத்துப் போகும் பத்துப் பக்கத்துக்கு அங்கே நேரம் கிடைக்காது.

குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தமிழில் இருக்க வேண்டும். தேர்வில் தமிழ் கேட்பது எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். இதற்குத்தான். கோப்பை முதலில் படித்து மேலே அனுப்புகிறவர் பிரிவு உதவியாளர். அவருக்குப் புரிந்து, அவர் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதக்கூடிய சொற்களில் இருந்தால்தான் அது கோப்புக்குள் போகும். முதல் பத்தியில் என்ன முடிவு வேண்டும், யாருடைய அதிகாரத்தில் அது வருகிறது, எந்த அரசாணை அதற்கு இடம் தருகிறது. பிறகு ஆதாரம். வரலாறும் கோட்பாடும் தேவைப்பட்டால் இணைப்பில். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மாதத்தில் இரண்டு முறையாவது போய், மனுக்களைப் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொல்வேன். எந்த மனு எந்தத் துறைக்குப் பிரிகிறது, எது தவறான துறைக்குப் போய்த் திரும்பி வருகிறது என்பது ஒரு காலைப் பொழுதில் விளங்கும்.

மாவட்ட அளவில் தீராமல் மாநிலத்தில் விதியே மாற வேண்டிய விஷயம் என்றால் காலண்டர் முக்கியம். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச்சில் வருவதால் ஜனவரியில் கருத்துரு அனுப்பினால் போதும் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். துறைத் தலைமையகத்தில் அடுத்த ஆண்டு மதிப்பீட்டு வேலை அதற்கு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். ஐப்பசிக்குள் கருத்துரு சென்னையில் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு வருஷப் பணியில் ஒரு ஃபெலோவுக்குக் கிடைப்பது இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பு பெரும்பாலும் ஊரைப் புரிந்துகொள்வதற்குள் போய்விடும். இரண்டாவதைத் தவறவிடாமல் இருக்க, முதல் கோடைக்குள் எந்த ஒரு விஷயத்தில் கடைசி வரை நிற்பது என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஏழெட்டு விஷயத்தைத் தொட்டு எல்லாவற்றிலும் ஒரு அறிக்கை எழுதுவதை விட, இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஒன்றையே எடுத்துக்கொண்டு, 2023-இல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பிறகு அணைக்கட்டு விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது, கிடைக்கவில்லை என்றால் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்வதில் நின்றதா, சந்தையில் தரம் பிரிப்பதில் நின்றதா என்று பார்த்து முடிப்பது மேல்.

கடைசி மூன்று மாதம் புது வேலை எதையும் எடுக்கக் கூடாது. ஒப்படைப்புக்கே அவ்வளவு நாள் வேண்டும். நிராகரிப்புக் காரணத் தாளை ஃபெலோவின் மடிக்கணினியிலிருந்து தொழில் மையத்தின் கணினிக்கு மாற்ற வேண்டும். ஃபெலோவின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கூகுள் தாள் என்றால் உரிமையை அலுவலக முகவரிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவர் கணக்கோடு அதுவும் போய்விடும். சிக்கலான சூத்திரங்களை எடுத்துவிட்டு, கையால் நிரப்பினாலும் ஓடுகிற ஐந்தே கட்டங்களாக்க வேண்டும். விண்ணப்ப எண், விண்ணப்பதாரரின் சொந்த எண், நின்ற இடம், காரணம், அடுத்து செய்ய வேண்டியவர் பெயர். முதல் மாதம் ஃபெலோ நிரப்ப உதவியாளர் பார்க்கட்டும். இரண்டாவது மாதம் உதவியாளர் நிரப்ப ஃபெலோ பக்கத்தில் இருக்கட்டும். மூன்றாவது மாதம் ஃபெலோ அந்த அறைக்கே போகாமல், மாதக் கடைசியில் மட்டும் போய்த் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். கட்டங்கள் வெறுமையாக இருந்தால், எந்தக் கட்டத்திலிருந்து வெறுமையாகிறது என்று பார்த்து அதை இன்னும் எளிதாக்குவதற்குக் கையில் சில நாட்களாவது மீதி இருக்கும்.